புகைபிடிக்கத் தடைப் பலகை: உப்புக்காற்றில் எது நிற்கும்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் கடையோ லாட்ஜோ திறப்பவர்கள் பெயர்ப்பலகைக்கு நாள் கணக்கில் யோசிப்பார்கள். ‘புகைபிடிக்கக் கூடாது’ பலகைக்கு மட்டும் பிரிண்டிங் கடையில் கிடக்கிற ஸ்டிக்கரில் ஒன்றை எடுத்துவந்து ஒட்டுவதோடு சரி. ஒரு கச்சான் (தென்மேற்குக்) காற்றுப் பருவம் போனால் பாதி உரிந்திருக்கும். அடுத்த வெயிலுக்கு எழுத்தே இருக்காது. அதற்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் பீடி பற்றவைப்பார், யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த மதிப்பீடு அந்தப் பலகையைப் பற்றியது. என்னென்ன வகை கிடைக்கிறது, எது சட்டத்துக்குப் பொருந்தும், எது நம் ஊர் உப்புக்காற்றைத் தாங்கும், எங்கே மாட்டினால் பலன் உண்டு என்பதைப் பார்ப்போம். பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை தேவைதானா என்ற வாதத்தையும் விட்டுவிட முடியாது. பலகை வாங்குகிறவரிடம் முதலில் கேட்கப்படுவதே அந்தக் கேள்விதான்.

முதலில் அளவு. பெரும்பாலான பலகைகள் தோற்பது இங்கேதான். 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 4-ஆவது பிரிவு பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. அந்த விதிப்படி பலகை குறைந்தது 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் இருக்கவேண்டும், பின்னணி வெள்ளை. கடைகளில் ஆயத்தமாகத் தொங்கும் ஏ4 ஸ்டிக்கர் இதில் பாதிகூட இல்லை. ஏ3 அளவு பெரிதாகத் தெரியும், ஆனால் அதன் அகலம் 29.7 சென்டிமீட்டர், நீளம் 42. அதுவும் போதாது. பிரிண்டிங் கடையில் அடிக்கணக்கில் சொல்வதுதான் வழக்கம், எனவே ‘2 அடிக்கு 1 அடி’ என்று சொல்லலாம். 60.96-க்கு 30.48 வரும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. பலகைக்கு ஃப்ரேம் போடுகிறவர் நான்கு பக்கமும் அரை அங்குலம் உள்ளே மறைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் பரப்பு சட்ட அளவுக்குக் கீழே போய்விடும். ஃப்ரேம் வேண்டுமென்றால் 26 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்று கேளுங்கள்.

அடுத்தது வட்டம். வெளிவிட்டம் 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, சிவப்பு வளையத்தின் அகலம் 3 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நடுவில் கறுப்புப் புகை வரும் சிகரெட் அல்லது பீடி, அதைக் குறுக்கே வெட்டும் சிவப்புப் பட்டை. அந்தப் பட்டையும் வளையத்தின் அகலமே இருக்கவேண்டும். இந்தக் குறைந்தபட்ச அளவை அப்படியே எடுத்து வரைந்தால் படம் கெட்டுவிடும். 15-இல் இரண்டு பக்கமும் 3 போனால் உள்ளே மிஞ்சுவது 9 சென்டிமீட்டர். அதில் 3 சென்டிமீட்டர் பட்டை சாய்வாக ஓடினால் சிகரெட்டின் நடுப்பகுதி முழுக்க மறைந்து இரண்டு முனை மட்டும் எட்டிப்பார்க்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஏதோ போக்குவரத்துக் குறி. பலகையில் இடம் இருக்கிறது, வட்டத்தை 24 சென்டிமீட்டராக்குங்கள். வளையமும் பட்டையும் 3 சென்டிமீட்டராகவே இருக்கட்டும். உள்ளே 18 சென்டிமீட்டர் கிடைக்கும், படம் தெளிவாக நிற்கும். இடப்பக்கம் வட்டம், வலப்பக்கம் எழுத்து.

பீடி படமா, சிகரெட் படமா? விதி இரண்டில் எதையும் ஏற்கிறது. நாட்டுப்படகுக்காரர்களும் ஏலக்கூடத்துச் சுமைதூக்குபவர்களும் வந்துபோகும் இடத்தில் பீடி வரைவதே சரி. சிகரெட் படத்தைக் காட்டி ‘இது எனக்கில்லை’ என்று சொல்வதைத் தடுக்க அதுவே எளிய வழி.

எழுத்து: ‘புகைபிடிக்கக் கூடாத பகுதி. இங்கு புகைபிடிப்பது குற்றம்.’ ஆங்கிலத்திலோ ஓர் இந்திய மொழியிலோ இருக்கலாம் என்கிறது விதி. கடலோர ஊர்களில் தமிழ்தான் முதலில் வரவேண்டும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளுக்கு மட்டும் இந்தியும் சேர்த்து எழுதுவது நல்லது, வடக்கிலிருந்து வருகிற யாத்திரிகர்கள் அங்கே அதிகம். ஒரு அங்குல உயர எழுத்து 10 அடி தூரத்தில் வசதியாகப் படிக்கலாம் என்பது பலகை எழுதுபவர்களின் கணக்கு. தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொக்கியும் உண்டு, எனவே ஒன்றரை அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள். எழுத்தைக் குறைத்து, இடத்தைக் கடைப்பெயருக்கும் சாமி படத்துக்கும் கொடுக்கும் பலகைகள் நிறைய. அவற்றை வாங்க வேண்டாம்.

இனிப் பொருள். இங்கேதான் மதுரைக்கும் கடலோர மண்டபத்துக்கும் வித்தியாசம்.

ஃப்ளெக்ஸ் மலிவு, ஒரு மணி நேரத்தில் கையில் கிடைக்கும். நம் கடற்கரைக்கு அது ஆகாது. காற்றில் படபடத்து, கயிறு கோத்த துளையிலிருந்து கிழியத் தொடங்கும். அதைவிடப் பெரிய குறை நிறம். பிரிண்டிங்கில் சிவப்பு என்பது தனி மை இல்லை, மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து வருவது. வெயிலில் முதலில் போவது இந்த இரண்டும்தான், கறுப்பு கடைசிவரை நிற்கும். வளையமும் குறுக்குப் பட்டையும் வெளிர் ரோஜாவாகி மறைந்தபின் மிஞ்சுவது புகை விடும் ஒரு கறுப்புச் சிகரெட் படம். தடைப் பலகை அப்போது நேர் எதிர்ச் செய்தியைச் சொல்லிக்கொண்டு நிற்கும். தேவிபட்டினம், பாம்பன் போல நாள் முழுக்கத் திறந்த வெயில் விழும் இடங்களில் இது சீக்கிரம் நடக்கும்.

வினைல் ஸ்டிக்கர் கண்ணாடி, டைல்ஸ், ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ் கதவு ஆகியவற்றில் நன்றாக ஒட்டும். சுவரில் ஒட்டாது. கடலோரச் சுவரில் உப்பு பூக்கும், சுண்ணாம்புப் பூச்சு மாவாக உதிரும். ஸ்டிக்கர் பிடிப்பது சுவரை அல்ல, அந்த மாவை. மூலை தூக்கும், தூசி போகும், முழுதாக வந்துவிடும். அறைக்குள் நிழலில், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் டைல்ஸ் மேல் ஒட்ட மட்டும் வாங்கலாம். ஒட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில் துடைத்து முழுதாக உலரவிடுங்கள். கையால் தேய்க்காமல் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தள்ளி ஒட்டவேண்டும்.

சன்போர்டு என்ற நுரைப் பிளாஸ்டிக் பலகை 3 மில்லிமீட்டரில் கிடைப்பது வெயில் பட்டால் வளையும். 5 மில்லிமீட்டர் பரவாயில்லை. இரட்டைப்பக்க டேப்பை நம்பி மாட்டினால் சித்திரை வெயிலில் பசை இளகிக் கீழே விழும். நான்கு மூலையிலும் ஸ்க்ரூ அவசியம். கூரைக்குக் கீழே, நேர் வெயில் படாத வாசலுக்கு இது போதும்.

இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம். பெயின்ட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் வெட்டிய விளிம்பிலும் ஸ்க்ரூ துளையிலும் துரு தொடங்கி, பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்துபோய் எழுத்தோடு சேர்த்து உரிக்கும். மழைநீர் வழிந்து சுவரெல்லாம் பழுப்புக் கோடு போடும்.

ஏ.சி.பி. ஷீட்தான் வாசலுக்கு எங்கள் முதல் தேர்வு. இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக், 3 மில்லிமீட்டர் போதும். ஆனால் அதன்மேல் பிரிண்ட் போட்ட ஸ்டிக்கரை ஒட்டித் தந்தால் சிவப்பு வெளுக்கும் கதை மறுபடியும் வரும். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டித்தரும் ‘ரேடியம் கட்டிங்’ கடைக்குப் போங்கள். அங்கே இருப்பது மை அடித்த தாள் இல்லை, பொருளிலேயே நிறம் கலந்த வினைல். சிவப்பு வளையம், பட்டை, கறுப்பு எழுத்து மூன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். பிரிண்ட்டைவிடப் பல மடங்கு நாள் நிற்கும். ஷீட்டின் வெட்டிய விளிம்புகளில் சிலிக்கான் பூசவேண்டும். பூசாவிட்டால் உப்புநீர் உள்ளே புகுந்து தகடும் பிளாஸ்டிக்கும் பிரிந்து விளிம்பு பூப்போல விரியும்.

ஸ்க்ரூவில் காசு பார்க்காதீர்கள். அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டால், உப்பு ஈரம் நடுவில் இருக்கும்போது அலுமினியம் அரித்துப்போகும், ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். துளை பெரிதாகிப் பலகை ஆடும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ கேளுங்கள். 316 தரம் கிடைத்தால் அதுவே கடலுக்கு ஏற்றது, 304-லும் நாளடைவில் பழுப்புக் கறை வரும், ஆனால் தாங்கும். கடைக்காரர் கொடுப்பதில் காந்தம் பலமாக ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ரூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பரோ நைலானோ வாஷர் ஒன்று போட்டால் ஆயுள் கூடும்.

இவை எல்லாவற்றையும் விட வெளிச்சுவருக்குச் சிறந்தது, எழுதத் தெரிந்த பெயின்ட்டர் கையால் எழுதும் எனாமல். காற்றுக்குப் பறக்காது, யாரும் கழற்றிக்கொண்டு போகமுடியாது, மங்கினால் சிவப்பை மட்டும் ஒரு கை அடித்துக்கொள்ளலாம். பேருந்து நிறுத்தம், ஏலக்கூடம், இறங்குதளச் சுவர் ஆகியவற்றுக்கு வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. வேலையில் தவறு நடப்பது அடித்தளத்தில்தான். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரில் உடனே எனாமல் அடித்தால் சிமென்ட்டின் காரம் பெயின்ட்டைச் சோப்புபோல இளக்கிவிடும். குறைந்தது நான்கு வாரம் விடவேண்டும். பழைய சுவராக இருந்தால் உதிரும் பூச்சைச் சுரண்டி, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். பிறகு சிமென்ட் பிரைமர் ஒரு கோட், வெள்ளை எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. அட்டையில் வட்டம் வெட்டிவைத்து முதலில் கறுப்புப் படத்தை வரையவேண்டும், அது காய்ந்தபின் சிவப்பு வளையமும் பட்டையும். வரிசையை மாற்றினால் பட்டைக்கு மேல் பீடி ஏறி நிற்கும். பங்குனி, சித்திரையில் எழுதுவது உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் அடித்த எனாமல் சுவர் ஈரத்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

மாட்டும் இடம். ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஒன்று. மாடி இருந்தால் ஒவ்வொரு தளத்திலும், படிக்கட்டிலும், லிஃப்ட் வாசலிலும். லாட்ஜுக்காரர்கள் ரிசப்ஷனில் ஒன்று மாட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். மூன்று மாடி லாட்ஜுக்கு லிஃப்டும் இருந்தால் பத்துப் பலகைக்குக் குறையாமல் வேண்டியிருக்கும். உயரம் தரையிலிருந்து ஐந்து அடி, கண்ணுக்கு நேரே. நிலைக்கு மேலே, மாலை தொங்கும் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. டீக்கடையில் பாய்லருக்குப் பின்சுவரும் வேண்டாம், ஆவியும் எண்ணெய்ப்பிசுக்கும் சேர்ந்து ஒரு மாதத்தில் மூடிவிடும்.

பெரும்பாலான பலகைகளில் இல்லாத ஒன்று உண்டு. யாராவது விதியை மீறிப் புகைத்தால் யாரிடம் புகார் சொல்லவேண்டும் என்று ஒருவர் பெயரை எழுதிக் காட்டவேண்டும் என்பதும் விதிதான். பலகையிலேயே பெயரை எழுதினால் ஆள் மாறும்போது பலகையே பழசாகும். கீழே 60-க்கு 8 சென்டிமீட்டரில் ஒரு தனிப் பட்டை செய்து இரண்டு ஸ்க்ரூவில் மாட்டுங்கள், பெயர் மாறினால் பட்டையை மட்டும் மாற்றலாம். இந்தப் பெயர் ஏன் முக்கியம் என்றால், புகார் வந்தும் பெயர் எழுதப்பட்டவர் ஒன்றும் செய்யாவிட்டால், நடந்த ஒவ்வொரு மீறலுக்கும் ஈடான அபராதம் இடத்தின் உரிமையாளர் அல்லது நிர்வாகி தலையில் விழும். புகைத்தவருக்கான அபராதம் 200 ரூபாய் வரை. தொகை சிறிது என்ற குறை நியாயமானது. சிகரெட் வாங்கும் சில்லறைக் காசுதான் அது என்று சொல்கிறவர்களிடம் மறுத்துப் பேச எதுவும் இல்லை. ஆனால் கடைக்காரருக்கு எதிரான அபராதம் ஆள் கணக்கில் பெருகும் என்பதை அவர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அபராதம் போடுவது அதற்கென அறிவிக்கப்பட்ட அலுவலர்களின் வேலை. டீக்கடைக்காரர் யாரிடமும் காசு வாங்கவேண்டியதில்லை. ‘அண்ணே, அங்குட்டுப் போய்ப் பிடிங்கண்ணே’ என்று சொன்னாலே போதும். அதைச் சொல்லத் துணை நிற்பதுதான் பலகையின் உண்மையான வேலை. ஊர்க்காரர் ஊர்க்காரரிடம், அதிலும் வயதில் மூத்தவரிடம், தன் சொல்லாக ‘பிடிக்காதீங்க’ என்பது கடினம். பலகையைக் காட்டி ‘போட்டிருக்காங்கண்ணே, கேஸ் ஆயிரும்’ என்றால் முகம் முறியாது. கிழிந்த ஸ்டிக்கரைக் காட்டி அப்படிச் சொல்லமுடியாது. நல்ல பலகைக்குச் செலவழிக்கச் சொல்வது இதற்காகவே.

பலகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கத்தில் தொங்கும் கயிறு அதைத் தோற்கடித்துவிடும். பெட்டிக்கடை ஓரத்தில் முனை கனன்றுகொண்டு தொங்கும் அந்தத் தேங்காய்நார்க் கயிறும், நூலில் கட்டிய லைட்டரும், சாம்பல் தட்ட வைத்த சிரட்டையும் இருக்கும்வரை அங்கே புகைபிடிக்க அனுமதி உண்டு என்றே அர்த்தம். பொது இடத்தில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் என்று புகைக்க உதவும் எதையும் வைக்கக் கூடாது என்று விதியும் சொல்கிறது. சிகரெட் விற்கத் தடையில்லை, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. ஆனால் விற்ற இடத்திலேயே பற்றவைத்துக் கொடுப்பது வேறு விஷயம். பலகை வாங்கக் காசு இல்லையென்றால் இன்றைக்குக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், பலகையை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். கயிறு போனால் வாங்கினவர் நெருப்புத் தேடி நகர்ந்தாக வேண்டும், நகர்ந்தவர் பெரும்பாலும் திரும்பி வந்து உட்கார்வதில்லை.

‘கடைக்குள்ளே பிடிக்கலையே, வெளிப் பெஞ்சில்தானே’ என்பதுதான் அடிக்கடி வரும் வாதம். இதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. பொது இடம் என்பதில் வெட்டவெளி சேராது என்று 2003 சட்டம் சொன்னது உண்மை. ஆனால் 2008 விதிகள் பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போல மக்கள் கூடும் இடங்களை வெட்டவெளி என்று கொள்ளக் கூடாது என்றன. உணவகம் என்பதற்குள் அதைச் சுற்றியுள்ள திறந்த இடத்தையும் சேர்த்தன. காசுக்கு உணவோ பானமோ கொடுத்து அங்கேயே சாப்பிடவைக்கும் எந்த இடமும் உணவகம்தான். ஆகவே டீக்கடை வாசல் பெஞ்சும் பந்தலும் தடைக்குள் வரும். அரியமான், தனுஷ்கோடி மணல்வெளிகளை விதி பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அங்கே கவலை வேறு: சிகரெட் அடிக்கட்டையில் இருப்பது பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்ந்தால் மக்காமல் கிடக்கும்.

பெஞ்சு வாதத்துக்குச் சட்டத்தைவிட நல்ல பதில் காற்று. கடலோர ஊரில் ‘வெளியே’ என்பது நாளுக்கு இருமுறை மாறும். பகலில் கடற்காற்று கரைக்கு வரும், இரவில் கரைக்காற்று கடலுக்குப் போகும். ஆடிக் கச்சானில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, மேற்கே வாசல் வைத்த கடையின் வெளிப் பெஞ்சில் விட்ட புகையை நேராகப் பாய்லருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மார்கழி வாடையில் வடக்கு வாசல் கடைக்கு அதே கதி. கீற்றுப் பந்தல் மூன்று பக்கம் தட்டி அடைத்து ஒரு பக்கம் திறந்திருந்தால் புகை உள்ளே சுழன்று தங்கும். ‘இந்த மூலையில் பிடிச்சுக்கங்க’ என்று ஒரு பருவத்தில் ஒதுக்கிய மூலை அடுத்த பருவத்தில் காற்றுமுகமாகிவிடும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பெஞ்சில் வைத்து, டீ மாஸ்டர் நிற்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். வாடிக்கையாளர் பத்து நிமிடத்தில் எழுந்துபோவார். மாஸ்டரும் கிளாஸ் கழுவும் பையனும் விடிகாலை முதல் இரவு வரை அந்தக் காற்றைத்தான் மூச்சிழுக்கிறார்கள். தடையைப் பற்றிய விவாதத்தில் புகைப்பவர் உரிமையும் பேசப்படுகிறது, கடைக்காரர் வியாபாரமும் பேசப்படுகிறது. கூலிக்கு நிற்கிற இவர்களைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உண்டு, அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை. அடுத்தவர் விட்ட புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

தனிப் புகையறை கட்டித்தருகிறோம் என்று லாட்ஜுகளுக்கு யோசனை சொல்கிறவர்கள் உண்டு. 30 அறையோ அதற்கு மேலோ உள்ள விடுதியும் 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகமும் புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம் என்பது விதியில் இருக்கிறது. கட்டவேண்டாம் என்பதே எங்கள் கருத்து, காரணம் விதியின் நிபந்தனைகளிலேயே தெரியும். நான்கு பக்கமும் கூரை வரை முழுச்சுவர் வேண்டும். தானே மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். காற்று நேராக வெளியே போகவேண்டும், கட்டடத்தின் மற்ற பகுதியைவிட உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருக்கவேண்டும், நுழைவாயிலில் அமையக் கூடாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு உள்ளே டீயோ சாப்பாடோ எதுவும் பரிமாறவும் கூடாது. இதை நம் ஊரில் கட்டினால் என்ன ஆகும்? கதவை மூடும் ஹைட்ராலிக் குளோசர் உப்பில் துருப்பிடிக்கும், எண்ணெய் கசியும், கதவு நாலு விரல் திறந்தே நிற்கும். மரக்கதவு என்றால் மழைக்காலத்தில் ஊறி நிலையில் உட்காராது. எக்ஸாஸ்ட் ஃபேன் கரண்ட் போனால் நிற்கும், ஜெனரேட்டர் இணைப்பில் அதைச் சேர்க்க யாரும் நினைப்பதில்லை. ஃபேன் நின்ற நிமிடத்தில் அழுத்த வித்தியாசம் போய்ப் புகை வராந்தாவுக்கு வரும். ஸ்ப்ளிட் ஏ.சி. இருந்தால் புகை போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, அறைக்குள் இருப்பதையே சுற்றிச்சுற்றிக் குளிரவைக்கிறது.

லாட்ஜில் அறை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வாசலில் பலகை இருக்கிறது என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். திரைச்சீலையை முகத்தருகே பிடித்து முகர்ந்து பாருங்கள், ஏ.சி.யின் காற்று வரும் இதழ்களில் மஞ்சள் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், குளியலறை ஜன்னல் திண்டிலும் பிளாஸ்டிக் வாளி விளிம்பிலும் சூட்டுத்தழும்பு தேடுங்கள். அறைக்குள் பிடிக்கக் கூடாது என்றால் பலரும் குளியலறைக்குள்தான் போகிறார்கள், ஒன்றின்மேல் ஒன்றாக உள்ள குளியலறைகளுக்குக் காற்றுக்குழி பொதுவாக இருந்தால் முதல் மாடிப் புகை மூன்றாம் மாடிக் குழந்தைக்குப் போகும். அறையை மீட்கவேண்டிய நிர்வாகி ரூம் ஸ்ப்ரே அடிப்பதில் பயனில்லை. திரையும் மெத்தை உறையும் துவைக்கவேண்டும், ஏ.சி. ஃபில்டரைக் கழுவவேண்டும், சுவரையும் கூரையையும் சோப்புநீரால் துடைத்த பிறகு கறை மறைக்கும் பிரைமர் அடித்தே பெயின்ட் அடிக்கவேண்டும். நேராக வெள்ளையடித்தால் மஞ்சள் ஊறி மேலே வரும்.

மீன்பிடி இறங்குதளங்களில் பலகை வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விசைப்படகுக்கு டீசல் கேன்கள் வரிசையாக இறங்கும் இடம் அது, பக்கத்திலேயே வலைக்குவியலும் பனையோலைக் கொட்டகையும். கீற்றும் ஓலையும் எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதைப் பீடியோடு சேர்க்கவில்லை. ஓலைக்கு அடியில் ஒரு நெருப்புப்பொறி என்றால் என்ன என்பதற்காகச் சொல்கிறோம். இறங்குதளத்தில் ஆட்கள் கடலுக்குப் போகும் நேரம் பெரும்பாலும் இருட்டு, எனவே பலகையை விளக்குக் கம்பத்துக்கு நேராக வையுங்கள். சுவரில் எழுதினால் 60-க்கு 30 என்ற குறைந்தபட்ச அளவோடு நிறுத்தாமல் 4 அடிக்கு 2 அடியாக எழுதுங்கள்.

‘தடை போட்டால் வியாபாரம் படுத்துவிடும்’ என்று தயங்கும் கடைக்காரர்கள் தங்கள் பந்தலில் யார் உட்காரவில்லை என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். ராமேஸ்வரத்துக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் வருவது குடும்பம் குடும்பமாக. கைக்குழந்தையோடு வந்த பெண் புகை வரும் பெஞ்சைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுகிறாள். போனவள் கணக்கு நோட்டில் ஏறுவதில்லை.

புகைபிடிப்பதை விட நினைப்பவருக்கும் பலகையில் ஓர் ஓரம் கொடுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண் 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகிறது, தமிழிலும் பேசலாம். பெயர்ப் பட்டையின் வலது முனையில் எழுத இடம் போதும்.

பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒருமுறை கடை கழுவும்போது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பலகையைத் துடையுங்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் வினைல் விளிம்பு சுருளும். வைகாசியில் கச்சான் எழும்புவதற்கு முன் ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்குங்கள். சுவரெழுத்தானால் பங்குனியில் சிவப்பை மட்டும் ஒரு கோட் புதுப்பிக்க 100 மில்லி டப்பா ஒன்று போதும்.